சேரமாட்டோம் எண்டால், ஏன் எண்டும் சொல்லுங்கோ

தேர்தல் வந்தால் எங்கட பக்கத்தில் இரண்டு வசனங்கள் கட்டாயம் கேட்கும். ஒன்று, "தமிழ்க் கட்சிகள் எல்லாம் ஒற்றுமையாக நிற்கவேணும்." மற்றது, "இந்தமுறை நாங்கள் தனித்துத்தான் போட்டியிடுகிறோம்." முதலாவதைச் சொல்வது பத்திரிகைத் தலையங்கங்கள், மதகுருமார், சிவில் அமைப்புகள், கன்ரீனில் ரீ குடிச்சுக்கொண்டு அரசியல் கதைக்கிற நாங்கள். இரண்டாவதைச் சொல்வது கட்சிகள். இரண்டையும் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

ஆகவே ஒற்றுமையின் மகிமையைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுத எங்களுக்கு விருப்பமில்லை. இன்னொரு கட்சியோடு சேரமாட்டேன் என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் உரிமை இருக்கிறது. கொள்கை ஒத்துவராவிட்டால் சேராமல் விடுவதுதான் நேர்மை. எங்களுடைய கேள்வி வேறு. சேர மறுப்பது கட்சி. அதற்கான விலையைக் கொடுப்பது வாக்காளர். அப்படியென்றால் ஏன் மறுக்கிறார்கள், மறுத்த பிறகு என்ன செய்யப் போகிறார்கள் என்பதை வாக்குப் போடுவதற்கு முன்னமே எங்களுக்குச் சொல்லவேண்டாமா?

எங்களில் பெரும்பாலானவர்களுக்கு 2024 தான் முதல் வாக்கு. ஒன்பது மாதத்துக்குள் மூன்று தேர்தல் பார்த்துவிட்டோம்: 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல். மூன்றிலும் யார் யாரோடு சேரவில்லை என்பதுதான் பெரிய கதையாக இருந்தது. அந்த மூன்றையும் வைத்துத்தான் கதைக்கிறோம்.

வீடு எல்லாருக்கும் பொதுவாக இருந்த காலம்

2001 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானபோது அது வீட்டுச் சின்னத்தில் இருக்கவில்லை. அந்தத் தேர்தலை தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனில்தான் கேட்டார்கள். பிறகு கூட்டணிக்குள் பிணக்கு வந்து, அது நீதிமன்றம் வரைக்கும் போய், சூரியன் ஆனந்தசங்கரியோடு நின்றுவிட்டது. 2004 இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்குள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அந்தமுறை 22 ஆசனங்கள். அதற்குப் பிறகு 2010 இல் 14, 2015 இல் 16, 2020 இல் 10.

இதில் கவனிக்கவேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. கூட்டமைப்பு ஒரு கட்சியாக ஒருநாளும் பதிவுசெய்யப்படவில்லை. பதிவுசெய்யுங்கள் என்று பங்காளிக் கட்சிகள் வருடக்கணக்காகக் கேட்டன. நடக்கவில்லை. வெளியில் பார்த்தால் எல்லாருக்கும் பொதுவான வீடு. சட்டப்படி பார்த்தால் உறுதி ஒரு கட்சியின் பெயரில். வாடகைக்கு இருந்தவர்களுக்கும் சொந்தக்காரருக்கும் இடையில் எழுத்தில் எதுவும் இல்லை.

2023 ஜனவரியில் அந்தக் கணக்கு முடிந்தது. மார்ச் 9 இல் உள்ளூராட்சித் தேர்தல் என்று அறிவிக்கப்பட்டிருந்த நேரம், தமிழரசுக் கட்சி தனித்துப் போட்டியிட முடிவெடுத்தது. ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எவ் முதலான கட்சிகள் ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி என்ற பெயரில் குத்துவிளக்குச் சின்னத்தோடு வெளியில் நின்றன. பிறகு காசு இல்லை என்று அரசாங்கம் தேர்தலையே தள்ளிப்போட்டது. தேர்தல் நடக்கவில்லை. பிரிவு மட்டும் நடந்து முடிந்தது.

2024 செப்டெம்பரில் அந்தப் பிரிவு இன்னும் விரிந்தது. பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றவர் அரியநேத்திரன். அவர் தமிழரசுக் கட்சிக்காரர். அவருடைய கட்சியின் உத்தியோகபூர்வ முடிவோ சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. முதல் வாக்குப் போடப்போன எங்களுக்கு ஒரே நேரத்தில் மூன்று திசையில் கைகாட்டினார்கள். அரியநேத்திரனுக்கு 226,343 வாக்குகள் விழுந்தன. அடுத்த மாதமே நாடாளுமன்றத் தேர்தலுக்கு அந்தச் சங்கை ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி எடுத்துக்கொண்டது. அதுக்கும் ஒரு சண்டை.

யாழ்ப்பாணத்தின் கணக்கு

2024 நவம்பர் 14 முடிவு வந்த இரவு எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் முகநூலில் எழுதினார்கள்: "பிரிஞ்சு நிண்டதாலதான் இது நடந்தது." உண்மையா? கணக்குப் பார்த்துவிடுவோம். கலைப்பீடத்துக்காரருக்கும் கூட்டல் கழித்தல் தெரியும்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 6 ஆசனங்கள். முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். 5 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களின் வாக்குகளைக் கழித்துவிட்டு, மிச்ச வாக்குகளை ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு எத்தனை வாக்கு என்று வரும். முதலில் முழு அளவு வைத்திருக்கிறவர்களுக்கு ஆசனம். பிறகு மீதி வாக்குக் கூட இருக்கிறவர்களுக்கு வரிசையாக.

5 சதவீதத்தைத் தாண்டியவர்கள் ஆறு பேர். தேசிய மக்கள் சக்தி 80,830. தமிழரசுக் கட்சி 63,327. சைக்கிள் சின்னத்தில் நின்ற தமிழ்க் காங்கிரஸ் 27,986. அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு 17 க்கு 27,855. சங்கு 22,513. ஈபிடிபி 17,730. கூட்டினால் 240,241. ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 48,049 வாக்குகள்.

தேசிய மக்கள் சக்திக்கு போனஸ் ஒன்று, முழு அளவுக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று: மொத்தம் 3. தமிழரசுக்கு 1, சைக்கிளுக்கு 1, அர்ச்சுனாவுக்கு 1. சங்குக்கு ஒன்றுமில்லை. அந்த 22,513 வாக்குகளும் ஆசனமாக மாறாமல் காற்றோடு போயின. நடந்தது இது.

இனி வீடும் சங்கும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால்? 85,840 வாக்குகள். தேசிய மக்கள் சக்தியை விட 5,010 கூட. போனஸ் ஆசனம் இந்தப் பக்கம் வந்திருக்கும். முழு அளவுக்கு ஒன்று, மீதி 37,791 க்கு ஒன்று. மொத்தம் 3. தேசிய மக்கள் சக்திக்கு 2. கடைசி ஆசனம் 131 வாக்கு வித்தியாசத்தில் அர்ச்சுனாவைத் தாண்டி சைக்கிளுக்குப் போயிருக்கும். வீடு, சங்கு, சைக்கிள் மூன்றுக்குமாக ஆறில் 4.

அப்ப மூன்றும் ஒன்றாக நின்றிருந்தால் இன்னும் கூடியிருக்கும்தானே? இல்லை. மூன்றையும் கூட்டினால் 113,826. போனஸ் ஒன்று, முழு அளவுக்கு இரண்டு. மீதி 17,728 தான் இருக்கும். அது அடுத்த ஆசனத்துக்குப் போதாது. மொத்தம் 3. தேசிய மக்கள் சக்திக்கு 2, அர்ச்சுனாவுக்கு 1.

அதாவது மூன்றாகப் பிரிந்து நின்றால் 2, மூன்றும் சேர்ந்து நின்றால் 3, இரண்டு அணியாக நின்றால் 4. "ஒற்றுமை" என்று மேடையில் கத்துகிறவர்களுக்கும், "தனித்து நின்றால்தான் பலம்" என்று சொல்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு சாதகமாக இல்லை. யார் யாரோடு சேர்வது, யாரைத் தனியே விடுவது என்பதை ஆற அமர யோசித்திருக்கவேணும். யாராவது யோசித்தார்களா, யோசித்தும் வேறு காரணத்துக்காக விட்டார்களா? எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

வன்னியிலும் இதே கதை. தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்கோடு முதலாவது. தமிழரசுக்கு 29,711, சங்குக்கு 21,102. கூட்டினால் 50,813. அங்கேயும் போனஸ் கைமாறியிருக்கும். திருகோணமலையில் மட்டும் இரண்டு தரப்பும் வீட்டுச் சின்னத்தில் ஒன்றாக நின்றார்கள். 34,168 வாக்கோடு இருந்த ஓர் ஆசனத்தைக் காப்பாற்றினார்கள். திருகோணமலையில் சேரலாம், யாழ்ப்பாணத்தில் சேர ஏலாது என்றால் இடையில் நிற்பது கொள்கையா, வேட்புமனுவா?

வாக்கு சில்லறைக் காசு இல்லை

இந்தக் கணக்குக்கு மறுப்பு இருக்கிறது. அதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, சங்குக்குப் போட்டவர் வீட்டுக்கும் போட்டிருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தமிழரசின் மேல் இருந்த கோபத்தில்தான் சங்குக்கோ சைக்கிளுக்கோ போனவர்கள் எங்கட பட்சிலேயே இருக்கினம். இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் அவர்கள் திசைகாட்டிக்கோ ஊசிக்கோ போயிருப்பார்கள், அல்லது வீட்டிலேயே இருந்திருப்பார்கள். தெற்கிலும் இந்தக் கூட்டல் பிழைக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் சஜித்துக்கு 32.76 சதவீதம், ரணிலுக்கு 17.27 சதவீதம். கூட்டினால் 50.03. வென்ற அநுரவுக்கு 42.31. இதை வைத்து "சேர்ந்திருந்தால் வென்றிருப்பார்கள்" என்று சொல்கிறவர்கள், ரணிலோடு சேர்ந்த சஜித்துக்கு எத்தனை பேர் வாக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, மட்டக்களப்பு. அங்கே தமிழரசுக் கட்சி சங்கோடு சேராமல் தனித்து நின்றது. 96,975 வாக்குகள், ஐந்தில் மூன்று ஆசனங்கள். நாடு முழுக்கத் திசைகாட்டி அடித்த அடியில் அது முதலாவதாக வராத ஒரே மாவட்டம் மட்டக்களப்புத்தான். ஆகவே தனித்து நிற்பது எப்போதும் தோல்வி என்று சொல்ல ஏலாது. வேலை செய்கிற கட்சி தனித்து நின்றாலும் வெல்லும்.

மூன்றாவதுதான் எங்களுக்குப் பெரிய மறுப்பு. யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்திக்கு விழுந்த 80,830 வாக்குகளையும் தமிழ்க் கட்சிகள் தவறவிட்ட வாக்காக மட்டும் பார்ப்பது, போட்டவர்களை அவமதிப்பது. அவர்கள் தெரிந்துதான் போட்டார்கள். வேலையில்லாமல் இருக்கிற பட்டதாரி அக்காவும், மீன் பிடிக்கப் போய் வெறும் வலையோடு வருகிற அண்ணாவும், "இவையளைப் பாத்தது காணும்" எண்டு சொல்லித்தான் போட்டவை. கூட்டணி வைத்திருந்தால் அவர்களுடைய கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒன்று மிச்சம் நிற்கிறது. சங்குக்குப் போட்ட 22,513 பேருக்கு யாழ்ப்பாணத்தில் பிரதிநிதி இல்லை. அவர்கள் எந்தப் பேச்சுவார்த்தையிலும் இருக்கவில்லை. யார் மறுத்தது, எதற்காக மறுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. வீட்டுச் சின்னத்தை விட்டு வெளியில் வரத் தமிழரசு தயாராக இல்லை. பழைய வீட்டுக்குள் திரும்பிப் போக மற்றவர்களுக்கு மனமில்லை. ஒரு சின்னத்துக்காகவா இவ்வளவும்? அதற்கு மேலே ஏதாவது காரணம் இருந்தால் அதைச் சொல்லியிருக்கலாமே.

தனித்துக் கேட்டு, பிறகு சேர்வது

தமிழரசுக் கட்சி 2023 இல் ஒரு காரணம் சொன்னது. நியாயமாக இருக்கவேணும் என்றால் அதை ஒழுங்காக எடுத்துப் பார்க்கவேணும். உள்ளூராட்சித் தேர்தல் இப்போது கலப்பு முறை. 60 சதவீதம் வட்டாரத்தில் வென்று வருகிறவர்கள், 40 சதவீதம் விகிதாசாரப் பட்டியல். இந்த முறையில் தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் பிறகு சபையில் சேர்ந்தால் மொத்தமாகக் கூட ஆசனம் வரும் என்பதுதான் அந்த வாதம்.

வாதம் பொய்யில்லை. 12 வட்டாரமும் 8 பட்டியல் ஆசனமும் உள்ள ஒரு சபையை யோசியுங்கள். இரண்டு கட்சிகள் சேர்ந்து 50 சதவீத வாக்கோடு 12 வட்டாரத்தையும் வென்றால், அவர்களுக்கு உரியது 10 தான். வென்ற 12 ஐப் பறிக்க முடியாது, ஆனால் பட்டியலில் ஒன்றும் கிடைக்காது. மற்றவர்களுக்கு 10. சபை 22 பேராகப் பெருக்கும். அதே இரண்டு கட்சிகளும் தனித்தனியே நின்று, பெரிய கட்சி 30 சதவீதத்தோடு 10 வட்டாரத்தை வென்று, சின்னக் கட்சி 20 சதவீதத்தோடு ஒரு வட்டாரமும் வெல்லாமல் விட்டால், சின்னக் கட்சிக்குப் பட்டியலில் 4 கிடைக்கும். மொத்தம் 14. மற்றவர்களுக்கு 10. 22 இல் 12 ஐ விட 24 இல் 14 நல்லதுதான்.

ஆனால் இந்தக் கணக்குக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, வாக்குப் பிரிந்த பிறகும் பெரிய கட்சி வட்டாரங்களை வெல்லவேணும். எதிரில் பலமான மூன்றாவது கட்சி வந்தால் வட்டாரம் அங்கே போய்விடும். மற்றது, "பிறகு சேர்வோம்" என்று சொன்னவர்கள் பிறகு சேரவேணும்.

2025 மே 6 க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். யாழ்ப்பாண மாநகர சபையில் 45 உறுப்பினர்கள். தமிழரசுக்கு 13, சைக்கிளுக்கு 12, தேசிய மக்கள் சக்திக்கு 10, ஈபிடிபிக்கு 4, சங்குக்கு 4, ஐக்கிய தேசியக் கட்சிக்கும் ஐக்கிய மக்கள் சக்திக்கும் ஒவ்வொன்று. வீடும் சைக்கிளும் சங்கும் சேர்ந்தால் 29. தெளிவான பெரும்பான்மை. தனித்துக் கேட்டுப் பிறகு சேர்வது என்ற கணக்கு இதற்கென்றே செய்ததுபோல இருந்தது.

சேர்ந்தார்களா? சைக்கிளும் சங்கும் ஜூன் தொடக்கத்தில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தன. தமிழரசு ஈபிடிபியோடு பேசியது. முதல்வர் தெரிவில் தமிழரசு வேட்பாளருக்கு 19, சைக்கிள் வேட்பாளருக்கு 16. தேசிய மக்கள் சக்தியின் 10 பேரும் நடுநிலை. ஈபிடிபியின் ஆதரவோடு மாநகர சபை தமிழரசிடம் போனது.

இதே சபையில் 2020 டிசம்பரில் ஆர்னோல்ட்டின் பாதீடு தோற்று, மணிவண்ணன் 21 க்கு 20 என்று ஒரே வாக்கில், ஈபிடிபியின் ஆதரவோடு முதல்வரானார். அப்ப அதற்கு எழுந்த சத்தம் எங்கட வயசுக்காரருக்கும் ஞாபகம் இருக்கும். ஈபிடிபியோடு சேர்வது சரியா பிழையா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ஆனால் வீட்டுக்கு வாக்குப் போட்ட ஒருவர், அந்த வாக்கு ஈபிடிபியோடு கைகுலுக்கும் என்று வாக்குச்சீட்டில் புள்ளடி போட முதல் தெரிந்திருக்கவேண்டாமா? சங்குக்குப் போட்டவர், அது சைக்கிளில் ஏறும் என்று அறிந்திருக்கவேண்டாமா? தேர்தலுக்கு முன் "எங்களுக்கு யாரும் வேண்டாம்". தேர்தலுக்குப் பின் "யார் வந்தாலும் வாங்கோ". மறுப்பு மக்கள் முன்னால் நடக்கிறது. சேர்க்கை கதவைப் பூட்டிவிட்டு நடக்கிறது.

எல்லா மறுப்பும் ஒன்றில்லை

இது எங்கட காலத்தில் தொடங்கிய விசயம் இல்லை. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததே ஒரு மறுப்பில்தான். ஜி.ஜி. பொன்னம்பலம் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்ததையும், மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதையும் ஏற்கமுடியாது என்று செல்வநாயகம் வெளியில் வந்தார். காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. சரி என்றவர் அந்தப் பக்கம், பிழை என்றவர் இந்தப் பக்கம். மக்களுக்குத் தெரிவுசெய்ய ஏதோ ஒன்று இருந்தது.

பிறகு இரண்டு கட்சிகளும் இருபது வருடம் ஒன்றையொன்று அடித்தன. 1970 தேர்தலில் தமிழரசின் அமிர்தலிங்கத்தை வட்டுக்கோட்டையில் காங்கிரஸ் வேட்பாளர் தோற்கடித்தார். காங்கிரசின் பொன்னம்பலத்தை யாழ்ப்பாணத்தில் தமிழரசு வேட்பாளர் தோற்கடித்தார். இரண்டு பக்கத்துத் தளபதிகளும் மற்றப் பக்கத்தின் கையால் விழுந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1972 மே மாதம் திருகோணமலையில் இரண்டு கட்சிகளும் ஒரே மேடைக்கு வந்தன. 1976 இல் அது தமிழர் விடுதலைக் கூட்டணியானது. 1977 இல் 18 ஆசனங்கள், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. அந்தக் கூட்டணியிலும் வேட்புமனுப் பிணக்கு வந்தது. யாழ்ப்பாணத் தொகுதி தனக்குக் கிடைக்கவில்லை என்று குமார் பொன்னம்பலம் விலகிப் போனார்.

2010 இல் கஜேந்திரகுமார் கூட்டமைப்பை விட்டுப் போனபோதும், அதற்குப் பிறகும், அவருடைய தரப்பு ஒரு கொள்கைக் காரணத்தை விடாமல் சொல்லிவருகிறது: ஒற்றையாட்சிக்குள் தீர்வு இல்லை, 13 ஆம் திருத்தம் தொடக்கப் புள்ளியாகவும் ஆகாது. நீங்கள் அதை ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். ஆனால் அது விவாதிக்கக்கூடிய மறுப்பு. நாங்கள் வகுப்பில் இருந்து மணித்தியாலக் கணக்கில் சண்டைபிடிக்கக்கூடிய மறுப்பு.

ஆக, மறுப்பில் மூன்று வகை இருக்கிறது. கொள்கை ஒத்துவராததால் வருகிற மறுப்பு. தனித்து நின்றால் கூடக் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து வருகிற மறுப்பு. சின்னம் யாருடையது, பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்பதால் வருகிற மறுப்பு. முதலாவதை மதிக்கிறோம். இரண்டாவதைப் புரிந்துகொள்கிறோம், கணக்கைக் காட்டினால். மூன்றாவதுதான் எப்போதும் முதலாவதின் உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வருகிறது. "தேசியத்துக்காகத் தனித்து நிற்கிறோம்" என்று சொல்லுவினம். உள்ளுக்குப் போய்ப் பார்த்தால் பிரச்சினை வேட்புமனுவில் ஒரு பெயர்.

அடுத்தது மாகாண சபை

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறோம் என்றால், அடுத்ததாக மாகாண சபைத் தேர்தல் வரவேணும். வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாக, ஒரேயொரு தடவையாக, தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். நாங்கள் அப்போது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் படிக்கிற வயசு. கூட்டமைப்பு 38 இல் 30 ஆசனங்களை எடுத்தது. 2018 ஒக்ரோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்தான். 2017 இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்து, எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் நாடாளுமன்றமே நிராகரித்து, தேர்தலை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தேர்தலை வை என்று கேட்கிற பொறுப்பு எல்லாருக்கும் இருக்கிறது.

வைத்தால், பழைய விகிதாசார முறையென்றால் மாகாணம் முழுக்கக் கூட வாக்கெடுத்தவருக்கு 2 போனஸ் ஆசனங்கள். கலப்பு முறையென்றால் மேலே சொன்ன வட்டாரக் கணக்கு மாதிரி இன்னொரு கணக்கு. எந்த முறை வந்தாலும் "சேர்வோமா, தனித்தா" என்ற கேள்வி திரும்ப வரும். 2013 இல் இருந்த மாதிரி ஒரு பக்கத்துக்கு 30 ஆசனம் தானாக வந்து விழுகிற காலம் போய்விட்டது.

அந்த நாள் வருவதற்கு முன் கட்சிகளிடம் எங்களுக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. வேட்புமனுத் தாக்கலுக்கு முன்னமே, எழுத்தில் பதில் வேணும்.

ஒன்று, யாரோடு சேர மறுக்கிறீர்கள், எந்தக் காரணத்துக்காக? கொள்கை என்றால் எந்தக் கொள்கை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு என்றால் கணக்கைக் காட்டுங்கள்.

இரண்டு, பெரும்பான்மை கிடைக்காவிட்டால் தேர்தலுக்குப் பிறகு யாரோடு பேசுவீர்கள், யாரோடு எந்தக் காரணம் கொண்டும் பேசமாட்டீர்கள்? இதைச் சொல்ல வெட்கமாக இருந்தால், செய்யவும் வெட்கப்படவேணும்.

மூன்று, சேர்வதென்று முடிவெடுத்தால் அதைப் பதிவுசெய்வீர்களா? பொதுச் சின்னம், எழுதிய யாப்பு, வேட்பாளரைத் தெரிவுசெய்கிற முறை, பிணக்கு வந்தால் தீர்க்கிற முறை. இருபது வருடமாக வாய்ப்பேச்சில் நடந்த கூட்டமைப்பு எப்படி முடிந்தது என்று எல்லாரும் பார்த்தோம். பெண்களும் இளம் ஆட்களும் பட்டியலின் எந்த இடத்தில் நிற்பார்கள் என்பதும் அந்த யாப்பில் இருக்கவேணும். "உங்களுக்கு அடுத்தமுறை பாப்பம் தங்கச்சி" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் எங்கட கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். வாக்குக் கேட்டு உங்கட படலைக்கு வருகிற வேட்பாளரிடம் ஒற்றுமையைப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்கு எல்லாரிடமும் பாடமாக்கின பதில் ஒன்று இருக்கிறது. "வெண்டா ஆரோட சேருவியள்?" எண்டு கேளுங்கோ. அவர் பெயர் சொல்லும் வரைக்கும் நோட்டீசைக் கையில் வாங்காதேங்கோ.